ஒரு மாலை நாயனத்துக்கு

அன்புள்ள செல்வி,

டிக்கெட் போட்டாச்சு என்று நீ அனுப்பிய ஒற்றை வரியை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். போனில் பேசலாம் என்றால் பாதியிலேயே உன் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். எனக்கோ நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கு மூட்டுவலி, மழை வந்தால் கூடுகிறது. மற்றபடி குறையில்லை.

மார்கழியில் ஒரு வாரம் இருப்பேன், பாட்டு, நாடகம், சினிமா எல்லாம் பார்க்க வேண்டும், நீயே திட்டம் போட்டு வை என்று எழுதியிருக்கிறாய். கேட்டதைச் செய்துவிட்டேன். ஆனால் ஒரு மாலையை முழுசாக நாயனத்துக்கு, அதாவது நாதஸ்வரத்துக்கு, ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை மட்டும் மாற்றக் கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்றதைக் கேள்.

வந்த மறுநாள் விடிகாலையில் மயிலாப்பூர் மாட வீதி. பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு நடந்த வீதிகளில் இன்றைக்கும் மார்கழி பஜனை போகிறது. ஹாஸ்டலில் ஏழு மணிக்கு முன்னால் உன்னை யாரும் எழுப்பியதாகச் சரித்திரம் இல்லை, ஆனாலும் எழுப்புவேன். பஜனை முடிந்ததும் கோயிலில் பொங்கல் வாங்கிக்கொண்டு நேரே மியூசிக் அகாடமிக்குப் போகலாம். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த சபை அது. காலையில் வித்வான்கள் பாடியும் பேசியும் விளக்கும் அமர்வு இருக்கும். ஒரே ராகத்தை நான்கு பேர் நான்கு விதமாகப் பிடிப்பதை அங்கேதான் புரிந்துகொள்ள முடியும். உன் நோட்டுப் புத்தகத்தை மறக்காதே.

மாலையில் பெரிய பெயர்கள் பாடும்போது மண்டபம் நிரம்பி வழியும், அன்றைய டிக்கெட்டுக்குக் காலையிலிருந்தே வரிசை நிற்கும். உனக்கு ஆசை இருந்தால் ஒரு நாள் நிற்கலாம். என்னைக் கேட்டால் மதியக் கச்சேரிகள்தான் சுகம். பெரும்பாலான சபாக்களில் மதியம் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பாடுவார்கள். கேட்க முப்பது பேர் இருந்தால் அதிகம். போன வருஷம் ஒரு பெண் காம்போதி பாடினாள். ஆலாபனையில் மேலே ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டு, எப்படி இறங்குவது என்று ஒரு கணம் யோசித்தாள். வயலின்காரப் பையன் மெல்ல ஒரு இழை இழுத்து வழி காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். மாலைக் கச்சேரியில் நமக்குக் கிடைக்கும் பின்வரிசையிலிருந்து இதெல்லாம் கண்ணில் படாது.

அப்புறம் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழிசைச் சங்கம் 1943இல் தொடங்கியது. டிசம்பரில் அங்கே இசை விழாவும் நடக்கும், பண் ஆராய்ச்சியும் நடக்கும். ஓதுவார்கள் தேவாரத்தைப் பண்ணோடு பாடுவதை நீ உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். மயிலாப்பூரிலிருந்து அந்தப் பக்கம் போவது மட்டும் கொஞ்சம் கஷ்டம். மெட்ரோ வேலையால் லஸ்ஸில் ஆட்டோ நகராது, பறக்கும் ரயிலில் போய்விடலாம்.

சினிமாவுக்கு இரண்டு நாள் போதும். சென்னை சர்வதேசத் திரைப்பட விழா 2003இலிருந்து நடக்கிறது, பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வரும். நீ வருகிற வாரத்தில் அதன் கடைசி நாட்கள் அகப்படும் என்று நினைக்கிறேன். ஒரு பாஸ் வாங்கினால் காலை முதல் இரவு வரை பார்க்கலாம். அலியான்ஸ் பிரான்சேஸில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த நாட்களை நினைத்துக்கொண்டு வராதே, இப்போது மெத்தை இருக்கை. உன் பழக்கம் எனக்குத் தெரியும், விளக்கு அணைந்ததும் தூங்குவாய். அதனால் காலைக் காட்சி மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, பெயர் பெற்ற இயக்குநரின் படம் என்று எல்லோரும் ஓடும் காட்சிக்கு நாம் போக வேண்டாம். அது எப்படியும் பிறகு வீட்டிலேயே கிடைக்கும். ஜார்ஜியா, துனிசியா என்று இங்கே வேறு எப்போதும் வராத ஊர்ப் படங்களாகப் பார்ப்போம்.

நாடகத்துக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டர். 1896இல் கட்டியது. அரைவட்டமாக அடுக்கடுக்காக இருக்கைகள், நடுவில் பள்ளம், அதற்கு எதிரே மேடை. நடிகர் தாழ்ந்த குரலில் பேசினாலும் மேல் வரிசைக்குக் கேட்கும். நீ வரும் வாரத்தில் அங்கே எது நடந்தாலும், பெயர் தெரியாத குழுவாக இருந்தாலும், போவோம். சபா நாடகங்களும் உண்டு. சிரிக்க வேண்டும் என்றால் அதற்கும் ஒரு மாலை தரலாம். ஆனால் ந. முத்துசாமியின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறையை முதன்முதலில் பார்த்துவிட்டு, பஸ்ஸைக் கூடப் பிடிக்காமல் நாம் பேசிக்கொண்டே நடந்து வந்த இரவு எனக்கு மறக்கவில்லை. அந்த மாதிரி ஒன்று மறுபடியும் கிடைக்காதா என்றுதான் நான் இன்னும் நாடகம் பார்க்கப் போகிறேன்.

சரி, நாயனத்துக்கு வருகிறேன்.

போன மார்கழியில் ஒரு சபாவில் விழாத் தொடக்கத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அழைப்பிதழில் மங்கள இசை என்று போட்டு, ஒரு மணி நேரம் என்றும் அச்சடித்திருந்தார்கள். நான் அதற்காகவே சீக்கிரம் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நாதஸ்வரக்காரர் அறுபதைத் தாண்டியவர், தஞ்சாவூர்ப் பக்கம். குழலில் நூல்கட்டி வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் நாலைந்து தொங்கின. ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, வேண்டாம் என்று வைத்தார். காவிரிக்கரை நாணலில் செய்கிற சின்னப் பொருள், வெயிலுக்கு ஒரு மாதிரி ஏசிக்கு ஒரு மாதிரி பேசும். மூன்றாவது சீவாளி சரிப்பட்டது. தவில்காரர் விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டி, தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டார். தோடி ராகம் தொடங்கியது.

என்ன தோடி அது! அவசரமே இல்லை. காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து, அதிலிருந்து நகர மனமில்லாமல் அங்கேயே சுற்றினார். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டை உங்கள் மாமா வீட்டில் கேட்டோமே, அந்த வழி. மேல் ஷட்ஜத்தை நோக்கிப் போகிறார், இதோ தொடப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது மேடை ஓரத்திலிருந்து ஒருவர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். நாயனக்காரர் தலையை ஆட்டினார். இரண்டு சுற்று சுற்றி, நாலு வரி மங்களம் வாசித்து, குழலைத் துணியில் சுற்றிவிட்டார். தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, உரை, உரைக்கு மேல் உரை. அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், கூட்டத்தோடு கூட்டமாக.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை செல்வி. தஞ்சாவூரிலிருந்து ஒரு மனிதரை வரவழைத்து, தோடியின் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாய்ப்பாட்டுக்காரரை ஆலாபனை நடுவில் யாராவது இப்படிக் காதில் சொல்லி எழுப்புவார்களா? நாயனம் என்றால் மட்டும் அது விழா தொடங்குவதற்கான மணி மாதிரி ஆகிவிட்டது. அடித்ததும் வேலை முடிந்தது.

அதே வாத்தியத்துக்குச் செய்யும் இன்னொரு கொடுமை மைக். திறந்த வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்க உருவான வாத்தியம். மல்லாரி வாசித்தால் தெருக்கோடியில் இருப்பவன் எழுந்து வருவான். அதை ஏசி அறைக்குள் உட்காரவைத்து, முன்னால் மைக்கும் வைத்து, தவிலுக்கு இரண்டு மைக்கும் வைத்து, பிறகு காதைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறார்கள். இரைச்சல் வாத்தியம் என்று பெயர் வேறு. மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டால் அதன் குழைவு தெரியும். ராஜரத்தினம் பிள்ளை கையாண்ட பாரி நாயனமே பழைய திமிரி நாயனத்தைவிட நீளம், சுருதியும் தாழ்வு. அவர் பிடிவாதமாக அதைப் பரப்பினார். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, இன்றைக்கும் நாயனத்தைக் கையால் கடைகிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்தது. கடைகிறவர் இருக்கிறார், வாசிக்கிறவர் இருக்கிறார். உட்கார்ந்து கேட்கிறவர்தான் குறைந்துபோனார்கள்.

நம் ஹாஸ்டல் லீடர் வீட்டுக் கல்யாணம் தெரியுமில்லையா? நீ வரவில்லை. மண்டபத்தில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் செல்போனிலிருந்து வந்தது! பூவுக்கும் போட்டோவுக்கும் கொட்டிய பணத்துக்குக் குறைச்சலில்லை. அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். மேளக்காரர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், வண்டிக் கூலி எல்லாம் தொல்லையடி என்றாள். இருநூறு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு போட்டவளுக்கு நாலு பேர் தொல்லையாகத் தெரிந்தார்கள். சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நீ வந்து சமாதானம் பண்ணி வை.

உனக்கு நான் இதை ஏன் எழுதுகிறேன்? உன் ஊர், நாதஸ்வர வித்வான் அருணாசலத்தின் காருகுறிச்சிக்குப் பக்கம். அருணாசலம் எங்கள் ஊர்க்காரர் மாதிரிதான் என்று நீ பீற்றிக்கொள்ளாத நாள் உண்டா? எஸ். ஜானகியும் அவரும் சேர்ந்த 'சிங்கார வேலனே தேவா' பாட்டை மெஸ்ஸில் தட்டு கழுவும்போதெல்லாம் நீ நாயனமாகவே வாயால் வாசிப்பாய். அவர் 1964இல் போகும்போது நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். உங்கள் ஊர்க் கோயில் கொடையில் விடிய விடிய நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவள் நீ. அந்த நையாண்டி மேளத்து நாயனக்காரரையும் இந்தச் சபாக்கள் கூப்பிடுவதில்லை. 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழாவில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மார்கழி மேடையைப் பார்த்தன. அது நீ இருக்கும் நாட்களில் வந்தால் அதற்கும் போகிறோம், விவாதம் இல்லை.

நல்லதும் சொல்ல வேண்டும். 2020இல் காலீஷாபி, ஷேக் மெகபூப் சுபானி தம்பதிக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் சிஷ்யர்கள், இருவரும் சேர்ந்தே வாசிக்கிறவர்கள். பெண்களும் வாசிக்கிறார்கள், இளம்பிள்ளைகளும் கற்கிறார்கள். ஒன்றிரண்டு சபாக்களில் நாதஸ்வரத்துக்கென்றே தனி விழா வைக்கிறார்கள், முழு இரண்டு மணி நேரம் தருகிறார்கள். அப்படி ஒரு மாலைதான் நமக்கு வேண்டும். அட்டவணை வந்ததும் தேதியைச் சொல்கிறேன். வராவிட்டால் கபாலி கோயிலில் புறப்பாட்டின்போது நாயனக்காரர் பக்கத்திலேயே நிற்போம். அங்கே யாரும் காதில் வந்து சொல்ல மாட்டார்கள்.

ஐந்து பேரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று திட்டம். என் மருமகளிடம் சொல்லிவிட்டேன், கேட்டால் புரியாதே அத்தை என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எங்கே கைதட்டுவது என்று சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறேன். உன் அண்ணன் வீட்டுப் பிள்ளைகளையும் தாம்பரத்திலிருந்து வரச் சொல். முன்வரிசையில் உட்கார்ந்து, தவிலின் தனி ஆவர்த்தனம் முடியும் வரை எழுந்திருக்கக் கூடாது, இதுதான் என் கோரிக்கை. முடிந்ததும் மேடைக்குப் போய் அவர்களிடம் நேரில் இரண்டு வார்த்தை சொல்வோம். கேன்டீன் அடை அவியல் அதற்குப் பிறகு.

திரைப்பட விழாவுக்குப் பதிவு செய்ய வேண்டும். உன் போட்டோ ஒன்றும் அடையாள அட்டை நகலும் உடனே அனுப்பு. பேரன் எடுத்த போட்டோ வேண்டாம், அதில் பாதித் தலைதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்