அறிவியல் வட்டத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்ட செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், காப்பாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் வாணி விழாவும் வழமைபோல் நடைபெற்றன. வாசிகசாலை வளவில் இரண்டு சிரமதானங்கள் இடம்பெற்றன. செயற்குழுக் கூட்டங்கள் ஒன்பதில் நான்கு, போதிய உறுப்பினர் வராமையால் கலைந்தன.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, உயர்தர மாணவர் அறுவருடன் வெள்ளி மாலைகளில் நடத்திய ராம்ஜெட் என்னும் எந்திரத்தின் உள்வாய் (காற்று புகும் வாய்) பற்றிய கணினிக் கணிப்பாகும். சுழலும் அமுக்கி எதுவுமின்றித் தன் வேகத்தாலேயே காற்றை நெருக்கும் இவ்வெந்திரத்தைப் பிரான்சின் ரெனே லோரன் 1913இல் முன்மொழிந்தார். இதனால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வானில் இரைச்சல் கேட்டால் இன்றும் பிள்ளையைத் தேடி முற்றத்துக்கு ஓடும் தாய்மார் வாழும் வன்னியில் அக்கேள்வி நியாயமானதே. ஆதலால் விரிவாக விடை தருகிறேன்.

நாம் எந்திரம் எதனையும் செய்யவில்லை. மாக் 3, அதாவது ஒலியைப்போல் மும்மடங்கு வேகத்தில் வரும் காற்று 15 பாகை ஆப்பொன்றில் மோதும்போது நிகழ்வதை, எஸ்யு2 என்னும் இலவச மென்பொருளில் இருபதாயிரம் கட்டங்களாகப் பிரித்துக் கணித்தோம். முதல் மூன்று வாரமும் அமுக்கம் மறைப் பெறுமானமாகிக் கணிப்பு முறிந்தது. நேரப்படி, அதாவது கணிப்பு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளி, அளவுக்கு மிஞ்சியதே காரணம் என்பதை, கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் 1928இல் வகுத்த நிபந்தனையைப் படித்து ஒரு மாணவியே கண்டறிந்தார். படியைக் குறைத்ததும் சாய்ந்த அதிர்ச்சி அலை திரையில் தெளிவாக விழுந்தது. அப்பிள்ளை பாகைமானியைத் திரையிலேயே வைத்து அலையின் சாய்வை அளந்து, "முப்பத்திரண்டு, சேர்" என்றார். அட்டவணையில் உள்ளது 32.2.

அதே காற்று நிமிர்ந்த அலை ஒன்றில் மட்டும் மோதினால், காற்றை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் மொத்த அமுக்கத்தில் 33 சதவீதமே எஞ்சும்; ஆப்பின் சாய்ந்த அலை முதலில் காற்றை ஏறத்தாழ மாக் 2.25க்குத் தணித்து நிமிர்ந்த அலைக்குக் கொடுத்தால் 54 சதவீதம் எஞ்சும். இதனைக் கையாலும் கணித்துச் சரிபார்த்த பிள்ளைகள், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தை வீதியில் நின்று பார்ப்பவர்களாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதே எனது விடை.

மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்ட ஐவருள் இருவரே வந்தனர் என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன். 41 உறுப்பினருள் 17 பேரே சந்தாவை முழுமையாகச் செலுத்தியுள்ளனர். இரு தடவை கடிதம் அனுப்பியும் பலரிடமிருந்து பதில் இல்லை. மின்கட்டணத்தின் ஒரு பகுதியை நானே செலுத்த நேர்ந்தது. வரவு செலவு ஏறக்குறையச் சமநிலையில் உள்ளது. விபரம் பொருளாளரிடம் உண்டு.

இடம் தந்த வாசிகசாலையினருக்கும், தேநீர் வழங்கிய மாதர் சங்கத்தினருக்கும் நன்றி.

எமது கணிப்பில் உராய்வும் எரிதலும் இன்னும் இல்லை. சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய படலத்தைக் கணிக்கக் கட்டங்கள் பன்மடங்கு நெருங்க வேண்டும். எம்மிடமுள்ள ஒரே கணினி அதைத் தாங்காது, மின்தடை வந்தால் இரவு முழுவதும் ஓடிய கணிப்பும் வீணாகிறது. பாவனையின்றி வீட்டில் கிடக்கும் மடிக்கணினியோ மின்கலமோ உறுப்பினர் எவரிடமேனும் இருக்கக்கூடும். வெள்ளிக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் வாசிகசாலை திறந்திருக்கும்.