மலையேறும் பையில் என்ன துணி வைப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் முடிந்ததும் நண்பர்களோடு பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு நடந்தே ஏறப் போவதாகச் சொன்னாய். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கிடைத்துவிட்டதில் எனக்கு நிம்மதி. இனி என் யோசனையெல்லாம் உன் பையில் என்ன துணி இருக்கிறது என்பதுதான்.

பெரியகுளத்தில் பகலில் வேர்த்துக் கொட்டும். கொடைக்கானலோ 7,000 அடி. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி சூடு குறையும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 11, 12 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். அதனால் தடித்த ஜாக்கெட் ஒன்றை மட்டும் நம்பி வராதே. உள்ளே டீ-சர்ட், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஏறும்போது டீ-சர்ட்டே போதும். உட்காரும்போது, உடம்பு குளிர்வதற்கு முன்பே ஸ்வெட்டரைப் போட்டுவிடு. நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் சூடு திரும்ப வெகுநேரம் ஆகும்.

திருப்பூர் பனியன் சென்னைக்கு நல்லது, ஏற்றத்துக்கு ஆகாது. பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீ கிரிக்கெட் ஆடப் போடுகிற பாலியஸ்டர் ஜெர்சி இரண்டை எடுத்துக்கொள், சீக்கிரம் உலர்ந்துவிடும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், முட்டி மடங்காது, காயவும் காயாது.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். ராத்திரிக்கென்று ஒரு முழுச்செட் துணியைத் தனியாக வை: முழுக்கை சட்டை, பேண்ட், கம்பளி சாக்ஸ், குரங்கு குல்லா. நடக்கும்போது என்ன ஆனாலும் அதைத் தொடாதே. காலையில் ஈர ஜெர்சியைத் திரும்பப் போட மனசு வராதுதான். ஆனாலும் அதையே போட்டு நட, பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடும். உலர்ந்த செட்டையும் நனைத்துவிட்டால் அடுத்த ராத்திரிக்கு மாற்ற ஒன்றும் இருக்காது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். இங்கே பூம்பாறையில் விடியற்காலையில் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு அது தெரியும்.

பைக்கு மேலே போடுகிற மழையுறையை மட்டும் நம்பாதே, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உர மூட்டைக்குள் இருக்குமே தடித்த பாலிதீன் பை, அதைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். பைக்குள்ளே அதை விரித்து, அதற்குள் துணியை அடுக்கு.

வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயிலும் வீடும் கலந்திருக்கிற ஊர். எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடு. சாக்ஸ் மூன்று ஜோடியாவது இருக்கட்டும். ஈர சாக்ஸோடு நடந்தால் குதிகாலில் கொப்புளம் வரும், அப்புறம் ஏற்றம் நரகம்தான்.

கூட வருகிற பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஸ்வெட்டரே இல்லை என்றாயே, சென்னையில் தேடி அலைய வேண்டாம். அப்பாவுடையதையும் உன் பழைய நீலத்தையும் துவைத்து, அந்தப் பாலிதீன் பையோடு பெரியகுளம் அத்தை வீட்டுக்கு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கும்பக்கரைக்குக் கிளம்பும் முன்பு அங்கே சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீலத்தில் ஒரு பொத்தான் இல்லை, நாளைக்குத் தைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா