மாமா, அந்த ஒரு நாளை யார் மாற்றியது?

அன்புள்ள மாமாவுக்கு,

கிருஷ்ணகிரியில் பாப்பா காலேஜ் ஆண்டு விழா முடிந்து பஸ் ஏறியதும், அங்கே போட்ட ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் தலையெழுத்து மாப்ளே." காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் தூங்கியும் விட்டீர்கள். எனக்குத்தான் தருமபுரி வரைக்கும் தூக்கம் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நீங்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையைச் சொல்லிவிடுகிற மாதிரி, இதிலும் முதலிலேயே ஒருவர் வந்து, நட்சத்திரம் கூடாத ஜோடி, இரண்டு பேரும் சாகப்போகிறார்கள் என்று அறிவித்துவிடுகிறார். விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு அது விதியாகத்தான் படும். எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரன் விருந்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தெருவில் போகிற, பகைக் குடும்பத்து ரோமியோவிடமே நீட்டுகிறானே, அது யார் போட்ட திட்டம்? ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்துப் பிணம்போலக் கிடக்கிறாள் என்ற கடிதத்தை, ரோமியோ ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுத் தங்கியிருந்த மான்டுவாவுக்குக் கொண்டுபோக வேண்டிய துறவியைக் கொள்ளைநோய்க்குப் பயந்து ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள் (2020-இல் தெருவுக்குத் தெரு தகரம் அடித்தது எனக்கு ஞாபகம் வந்தது). சரி, இதெல்லாம் விதி கணக்கில் போகட்டும்.

ஆனால் ஜூலியட்டின் அப்பா கேப்புலெட்? ரோமியோவை ரகசியமாகக் கட்டிக்கொண்ட, பதினாலு வயதுகூட முடியாத பெண்ணுக்கு வேறொருவனோடு வியாழக்கிழமை கல்யாணம் என்று அவரே முடிவு செய்கிறார். மாட்டேன் என்றதும், தெருவில் கிடந்து சாவு என்கிறார். அப்புறம் அவள் பொய்யாகத் தலையாட்டியதும் சந்தோஷம் தாங்காமல், புதன்கிழமையே வைத்துக்கொள்வோம் என்கிறார். அவ்வளவுதான், புதன் இரவு குடிக்க வேண்டிய மருந்தை அவள் செவ்வாய் இரவே குடிக்கிறாள். 42 மணி நேரம் பிணம்போலக் கிடக்க வைக்கிற மருந்து அது. கடிதம் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் முழுசாக ஒரு நாள் காலி. எந்தக் கிரகம் மாமா நாளை மாற்றியது?

ரோமியோவும் லேசுப்பட்டவன் இல்லை. ஜூலியட்டின் உறவுக்காரன் டிபால்ட்டை வெட்டிச் சாய்த்துவிட்டு, விதி என்னைக் கோமாளியாக்கிவிட்டது என்று புலம்புகிறான். கத்தியை உருவியது அவன் கைதானே? அவள் செத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், அவளுக்கு மருந்து கொடுத்த பாதிரியாரிடமிருந்து கடிதம் உண்டா என்று கேட்கிறான், இல்லை என்றதும் பரவாயில்லை என்று விஷம் வாங்கக் கிளம்பிவிடுகிறான். அதை விற்றால் மரண தண்டனை என்று தெரிந்தும் பட்டினியில் கிடக்கும் மருந்துக்காரன் 40 டுக்கட் பொற்காசுக்கு விற்கிறான். சம்மதிப்பது என் வறுமைதான், மனசு இல்லை என்று அவன் சொல்கிற இடம்தான் எனக்கு நாடகத்திலேயே பிடித்தது. அதை உங்கள் தலையெழுத்தில் சேர்ப்பதா, என் கணக்கில் சேர்ப்பதா என்று இன்னும் பிடிபடவில்லை.

நம்ம மாவட்டத்திலும் காதலித்தவர்கள் செத்த செய்தியைப் படித்திருக்கிறோம். அப்போதும் டீக்கடையில் இதே வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, பிரித்துவைக்கப் பஞ்சாயத்துப் பேசியவரும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடிக்கலாம்.

இன்னொன்று. பாப்பா ஒட்டுமீசையோடு கேப்புலெட்டாக வந்து மகளைப் பார்த்துக் கத்தினாளே, முதல் வரிசையில் நீங்கள்தான் பலமாகக் கைதட்டினீர்கள். அந்தக் குரலும், விரலை நீட்டி நீட்டிப் பேசுகிற விதமும் அவள் யாரைப் பார்த்துப் பழகியது என்று எனக்கும் அத்தைக்கும் தெரியும். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நீங்கள் கவனிக்கவில்லை.