விதி 5-இல் ஒரு சொல்: பன்னாட்டுக் கடல்சார் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் தேம்ஸ் கரையில் இருந்து உலகக் கடல்களுக்கு விதி எழுதும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) கடல் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களின் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல் அறையில், வாட்ச் (முறைக் காவல்) நின்றவன். உங்கள் விதிகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன், பிறகு அவற்றை வைத்தே பிழைத்தேன். அந்த உரிமையில், கப்பல்கள் மோதாமல் இருக்க நீங்கள் எழுதிய விதி 5-இல் உள்ள 'செவி' என்ற ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

போன மாதம் பழைய பேட்ச் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடினோம். வழக்கம்போல எந்தத் துறைமுகத்தில் எந்தக் கேப்டன் என்ன கூத்தடித்தார் என்று ஆரம்பித்த பேச்சு, எப்படியோ ஜெரி ஹியூஸிடம் வந்து நின்றது. கிளாஸ்கோக்காரர். பிறவியிலேயே காது கேளாதவர், அங்கே காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். 2012 செப்டம்பர் 1 அன்று ஸ்காட்லாந்தின் ட்ரூனிலிருந்து 'குவெஸ்ட் 3' என்ற 42 அடிப் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, டாஸ்மேனியாவின் தெற்கு, நியூசிலாந்தின் தெற்கு, கடைசியில் கேப் ஹார்ன் என்று ஐந்து பெருமுனைகளையும் தாண்டி 2013 மே 8 அன்று அதே ட்ரூனுக்குத் திரும்பினார். காது கேளாத ஒருவர் அந்த ஐந்தையும் தனியாகச் சுற்றி வந்தது அதுதான் முதல் தடவை.

எங்களில் ஒருவன் தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டான்: "சரி, விதி 5 என்ன சொல்கிறது? கண்ணாலும் காதாலும் பார்த்திரு என்கிறது. காது கேட்காதவன் தனியாகப் போனால் கிளம்பின நிமிடத்திலிருந்து திரும்பும் வரை விதியை மீறிக்கொண்டேதானே இருக்கிறான்?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். உண்மையைச் சொன்னால், ஹியூஸின் செய்தியை முதன்முதலில் படித்தபோது நானே அதைத்தான் சொன்னேன், இன்னும் மோசமான வார்த்தைகளில். அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் கேள்வியைப் புரட்டிப் பார்த்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தக் கடிதம்.

முதலில் விதியையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் நீங்கள் இயற்றி 1977-இல் நடைமுறைக்கு வந்த மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது இது. ஒவ்வொரு கலமும் எந்நேரமும் பார்வையாலும் செவியாலும், அந்தச் சூழலுக்குப் பொருந்தும் மற்ற எல்லா வழிகளாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும். நண்பன் 'செவி'யைப் பிடித்துக்கொண்டான். எனக்கு உறுத்தியது 'எந்நேரமும்'.

தனி ஆளாகப் போகிறவர் தூங்காமல் எப்படி இருப்பார்? 1895-இல் கிளம்பி முதன்முதலாக உலகைத் தனியே சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் தூங்கினார். 1969-இல் எங்கும் நிற்காமல் சுற்றி முடித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தூங்கினார். ஹியூஸ் கடலில் இருந்த அதே பருவத்தில் மும்பையிலிருந்து புறப்பட்டு, நிற்காமல் சுற்றிவந்த எங்கள் கடற்படையின் அபிலாஷ் டோமியும் தூங்கித்தான் இருப்பார். இருபது நிமிடம் கண் மூடுவது, எழுந்து அடிவானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பது, மறுபடி இருபது நிமிடம். தனியோட்டக்காரர்கள் இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்த இருபது நிமிடத்தில் அவர்களிடம் பார்வையும் இல்லை, செவியும் ஏறத்தாழ இல்லை. இருந்தும் உலகம் அவர்களுக்கு மாலை போடுகிறது, சர் பட்டம் கொடுக்கிறது. நாங்களும் பேப்பரில் படம் பார்த்துப் பெருமைப்படுகிறோம். தூக்கத்தில் விதி மீறுகிறவரை வீரர் என்கிறோம். விழித்திருக்கும்போது காது மட்டும் இல்லாதவரிடம் போய்ச் சட்டப் புத்தகத்தைப் பிரிக்கிறோம்.

இது வாதத்துக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் முழுப் பதில் ஆகாது. ஒரு தப்பு இன்னொரு தப்பை நியாயப்படுத்தாது என்று என் நண்பன் மறுநாள் போனில் சொன்னான். அதனால் செவிக்கே வருகிறேன்.

கப்பலின் பிரிட்ஜில் எனக்கு எவ்வளவு கேட்டது தெரியுமா? நான்கு பக்கமும் கண்ணாடி, கதவைச் சாத்தி ஏசி, பின்னால் ரேடார்களின் விசிறி இரைச்சல். ராத்திரி சோழமண்டலக் கரையை ஒட்டிப் போகும்போது எங்கள் ஊர்ப் பைபர் படகுக்காரர்கள் வலை விரித்துக் காத்திருப்பார்கள். கப்பல் நேராக வருவதைப் பார்த்தால் டார்ச் லைட்டை ஆட்டுவார்கள். கத்தியும் இருப்பார்கள். ஒரு தடவைகூட ஒரு குரல் என் காதில் விழுந்ததில்லை. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் குரலுக்கு நான் செவிடன்தான். என் சான்றிதழில் மட்டும் காது நன்றாக இருந்தது.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. முழுக்க மூடிய பிரிட்ஜ் செவிடு என்று நீங்களே ஒப்புக்கொண்டு அதற்கு மருந்தும் எழுதியிருக்கிறீர்கள். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், மூடிய பிரிட்ஜ் உள்ள கப்பலில் ஒலி வாங்கும் கருவி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வெளியே மைக்குகள், உள்ளே ஸ்பீக்கர். அதோடு ஒரு சின்னப் பலகை: சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா, முன்னாலா பின்னாலா என்று அது காட்டும். எத்தனை வாட்சில் அந்தப் பலகையின் விளக்கைப் பார்த்து 'ஓ, ஸ்டார்போர்டில் (வலப்பக்கம்) யாரோ ஹாரன் அடிக்கிறான்' என்று புரிந்துகொண்டேன்! அப்போது நான் கேட்டது காதாலா, கண்ணாலா?

காது கேளாத கப்பலுக்கு அந்தக் கருவி போதும் என்று முடிவு செய்தவர்கள், காது கேளாத மனிதருக்கு மட்டும் போதாது என்று எப்படிச் சொல்வீர்கள்?

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் கடலின் மொழியே பெரும்பாலும் கண்ணுக்கானதுதான். சிக்னல் கொடிகள், பக்க விளக்குகள், கலங்கரை விளக்கம், சிவப்பு ராக்கெட், ஆரஞ்சுப் புகை. உங்கள் விதிகளின் நான்காம் இணைப்பில் ஆபத்துச் சைகைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று: இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக, திரும்பத் திரும்ப உயர்த்தித் தாழ்த்துவது. பரீட்சைக்குப் படித்தபோது சிரித்திருக்கிறேன். இப்போது பார்த்தால், உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சைகை மொழிச் சொல் ஒன்று உங்கள் சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

கீழே இன்ஜின் ரூமுக்குப் போனால் வேறு கதை. அங்கே 110 டெசிபல் வரை சத்தம் இருக்கலாம் என்று உங்கள் இரைச்சல் விதித்தொகுப்பே அனுமதிக்கிறது. காதடைப்பு இல்லாமல் நுழையக் கூடாது. அதைப் போட்டபின் யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? எல்லாம் கை ஜாடைதான். என்னோடு ஓடிய ஒரு சீஃப் இன்ஜினியருக்கு இரண்டு காதும் பாதி போயிருந்தது. பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "பேரிங் போகுது, நாளைக்குள்ளே மாத்து" என்பார். மறுநாள் பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். சின்னப் படகில் இது இன்னும் எளிது. பாய் படபடத்தால் அது கயிற்றில் தெரியும், அலையின் குணம் மாறினால் பலகை வழியாகக் காலுக்குத் தெரியும்.

சரி, எது உண்மையிலேயே கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடுபனி. ஓடும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறை நீளமாக ஊத வேண்டும் என்ற விதி 35 காதை நம்பித்தான் எழுதப்பட்டது. ரேடார் இருக்கிறது, ஒவ்வொரு கப்பலும் தன் அடையாளத்தையும் இடத்தையும் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி இருக்கிறது. ஆனால் ஏ.ஐ.எஸ். இல்லாத மரப்படகு பனிக்குள் வந்தால்? காது உள்ள தனியோட்டக்காரருக்குக் கிடைக்கும் ஒரு கடைசி எச்சரிக்கை, காது கேளாதவருக்குக் கிடைக்காது. இதை மழுப்ப நான் தயாரில்லை. அதே சமயம், பனியில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பலமுறை ஏமாற்றும் என்பது வாட்ச் நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் நான்கு மைக்கும் ஒரு விளக்குப் பலகையும் என் இரண்டு காதுகளைவிட மோசமாக இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒரு கருவி சின்னப் படகின் அளவுக்கும் விலைக்கும் வர வேண்டும். அதற்கு யாராவது ஒரு தரத்தை எழுதித் தொடங்கிவைக்க வேண்டும்.

எனக்கு மூடுபனியைவிட ரேடியோதான் கோபம் வரவைக்கிறது. ஏனென்றால் அது இயற்கை வைத்த தடை அல்ல.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரேடியோ ஆபீசர் இருந்தார். கப்பலில் அவரை மார்க்கோனி சாப் என்போம். 1999 பிப்ரவரியில் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகளாவிய கடல் அபாயத் தகவல் முறை முழுதாக நடைமுறைக்கு வந்ததும் மோர்ஸும் போயிற்று, அவரும் போனார். பதிலுக்கு வந்தது என்ன? பெரும்பாலும் எழுத்து! நாவ்டெக்ஸ் கருவி வானிலையை எழுத்தாகத் தந்தது, இன்மார்சாட்-சி என்ற செயற்கைக்கோள் கருவி எழுத்தாகவே பேசியது. வி.எச்.எஃப். ரேடியோவின் சிவப்புப் பட்டனை அழுத்தினால் சேனல் 70-இல் படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் டிஜிட்டலாகப் போகும். காது கேளாத ஒருவர் இதுவரை எல்லாம் செய்யலாம். அதற்கு அடுத்த படியில்தான் கோளாறு. கரையிலிருந்து "யார் நீங்கள், என்ன ஆபத்து, எத்தனை பேர்?" என்ற கேள்வி சேனல் 16-இல் குரலாக வரும். படகிலிருந்து மௌனம். கரையில் இருப்பவர் அந்த மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வார்? தவறுதலாக பட்டன் அழுத்திவிட்டார்கள் என்றா, ஆள் மூழ்கிவிட்டார் என்றா?

கைப்பேசியில் பத்து வயதுப் பிள்ளை செய்வதை, உயிர்காக்கும் ரேடியோவில் ஏன் செய்ய முடியவில்லை? பக்கத்தில் போகும் கப்பல் "நான் உன் பின்புறமாகக் கடக்கிறேன்" என்று நான்கு வார்த்தை எழுத்தாக அனுப்ப ஒரு நேர்வழி வேண்டும். இது காது கேளாதவருக்கு மட்டும் உதவும் விஷயமும் அல்ல. ஒருவர் ஆங்கிலம் இன்னொருவருக்குப் புரியவில்லை என்பதால்தானே 2001-இல் கடலுக்கென்று தனி வாக்கியத் தொகுப்பே ஏற்றீர்கள்? இரவு இரண்டு மணிக்கு ஆறு நாட்டு உச்சரிப்பு ஒரே சேனலில் மோதும்போது, எழுத்தில் வந்தால் தேவலையே என்று நான் ஏங்காத வாட்ச் இல்லை.

அலாரங்களும் அப்படித்தான். சின்னப் படகின் ஏ.ஐ.எஸ். கருவி கப்பல் நெருங்கினால் 'பீப்' என்கிறது. அந்த பீப்பை ஒரு பளிச் விளக்குக்கோ தலையணைக்கு அடியில் அதிரும் பட்டைக்கோ கொண்டுபோக ஒரு ஒயர் போதும். காது கேளாதவர்கள் வீட்டில் காலையில் எழ அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கப்பலில் வாட்ச் ஆபீசர் அசந்துவிட்டால் எழுப்பும் அலாரத்துக்கு நீங்கள் தரம் எழுதியபோது, முதலில் விளக்கு மின்ன வேண்டும், அதற்கு ஆள் அசையாவிட்டால் பிறகு சத்தம் என்று வரிசை வைத்தீர்கள். ஆக, ஒளி முதலில் என்பது உங்களுக்குப் புதிதல்ல.

இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். ஹியூஸ் ஒருவர். 2005-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் காது கேளாதவரும் அவர்தான். 1981-இலேயே பிரிட்டனைத் தனியாகச் சுற்றியவர். உலகைச் சுற்றி முடித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அடுத்தவர் கேவின் ரீட், அவரும் பிறவியிலேயே காது கேளாதவர். 2015–16 கிளிப்பர் உலகச் சுற்றுப் பாய்மரப் படகுப் போட்டியில் குழுவோடு போனவர். ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் வேறொரு படகில் ஒருவர் பாய்மரத்தின் உச்சியில் கயிற்றில் சிக்கி மணிக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தார். ரீட் அந்தப் படகுக்கு நீந்திப் போய், மரத்தில் ஏறி அவரை விடுவித்தார். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டின் சிறந்த படகோட்டி விருது அவருக்குத்தான் போயிற்று.

பிரிட்டனில் சொந்த உல்லாசப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் ஹியூஸ் யாரிடமும் காதைக் காட்டி முத்திரை வாங்க வேண்டியிருக்கவில்லை. கிளம்ப முடிந்தது. சம்பளத்துக்குக் கப்பலேறும் எங்களுக்குக் காதுப் பரிசோதனையில் டெசிபல் கணக்கெல்லாம் உண்டு, அது வேறு வழக்கு, இன்று அதைத் தொடவில்லை. நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. நாளை ஏதோ ஒரு நாடோ, போட்டி நடத்துபவரோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியோ விதி 5-ஐ நீட்டி "செவி என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டால், அடுத்து வரும் ஹியூஸிடம் காட்ட ஒரு வரி இல்லை.

அந்த வரியைத்தான் கேட்கிறேன். விதியைத் திருத்துவது நீண்ட வேலை என்று தெரியும், ஒரு சுற்றறிக்கை போதும். ஒலியை வாங்கி ஒளியாகவோ அதிர்வாகவோ தரும் கருவியோடு வைக்கும் கண்காணிப்பு, செவியால் வைத்த கண்காணிப்பாகவே கொள்ளப்படும் என்று எழுதுங்கள். அபாய அழைப்புக்குக் கரையிலிருந்து எழுத்தில் பதில் தர ஒரு வழியை ரேடியோத் தரத்தில் சேருங்கள். அதைப் பேச உட்காரும் நாளில் காது கேளாத படகோட்டிகளையும் கூப்பிடுங்கள். ஆறு மொழிகளில் கூட்டம் நடத்துகிறவர்கள் நீங்கள், அந்த ஒரு நாள் ஏழாவதாகச் சைகை மொழி இருக்கட்டும். உங்கள் கட்டட முகப்பில் வெண்கலத்தில் ஒரு கப்பலின் முன்பகுதி இருக்கிறது, அதில் ஒரே ஒரு மாலுமி தனியாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் காது கேட்குமா என்று அந்தச் சிலையைப் பார்த்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதில் எழுதுவதாக இருந்தால் கடிதமாகவே அனுப்புங்கள். போனில் வேண்டாம். இப்போதெல்லாம் இடது காதில் எனக்குப் பாதிதான் விழுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவன்,
தூத்துக்குடி.