கடுகண்ணாவைக் கல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் நலம். கண்டியில் ஒரு வாரமாக விடாத மழை.

அம்மா பிறந்த ஊரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னார்கள், அங்கே இருக்கிற ரோட்டைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா என்று சின்னவள் கேட்டாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். நீ வாசித்து அவளுக்கு விளங்கும்படி சொல்.

நான் 22 வருடம் பஸ் ஓட்டிய கண்டி–கொழும்பு ரோட்டுத்தான் அது. 115 கிலோமீற்றர். மாவனல்லை தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும். ரோட்டுக்காக நடுவே துளைத்த ஒரு பெரிய கல் அங்கே இருக்கிறது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மழை நாளில் அந்த வளைவுகளில் பஸ்ஸில் யாரும் பேச மாட்டார்கள்.

கண்டி ராஜாக்கள் காலத்தில் இப்படி ஒரு ரோட்டு இல்லை. வேண்டுமென்றேதான் போடாமல் விட்டார்கள். காடும் ஒற்றையடிப் பாதையும்தான் அவர்களுக்குக் கோட்டை. போர்த்துக்கேயர் பலனைக் கணவாய்ப் பக்கம் ஏறி வந்து அடி வாங்கித் திரும்பினார்கள். 1803 இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள்ளேயே வந்தும் நிலைக்க முடியவில்லை. 1815 இல் பிரதானிகள் ராஜாவைக் கைவிட்டு ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த பிறகுதான் கண்டி விழுந்தது. மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி அடங்கும் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாகச் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. கல்லைத் துளைக்கும் முன்பே ஊர் போய்விட்டதே!

1817 இல் ஊவாப் பகுதியில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கலகம் வெடித்து அடுத்த வருடம் அடங்கியது. இனிப் படையைச் சுருக்காக மலைக்கு ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தான் 1820 இல் ஆளுநர் பார்ன்ஸ் இந்த ரோட்டைத் தொடங்கினார். திட்டம் போட்டவர் கப்டன் டோசன். தோமஸ் ஸ்கின்னர் என்ற 16 வயதுப் பையன் பொறுப்பில் கூட ஒரு பகுதி வேலையை விட்டார்கள். மண் வெட்டியதும் கல் உடைத்ததும் கிராமத்துச் சனங்கள். இராஜகாரியம் என்று ஒரு முறை இருந்தது. காணி வைத்திருப்பவன் அரசுக்கு உடலுழைப்புக் கொடுக்க வேண்டும். ராஜாவுக்குச் செய்த அந்த ஊழியத்தை வெள்ளைக்காரன் அப்படியே எடுத்துத் தன் ரோட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டான். காய்ச்சலில் படுத்தவர்கள், வயலை விதைக்காமல் விட்டு வந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்திருப்பார்கள். ஏற்றத்தில் முதல் கியரில் போகும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

1832 ஆம் வருடத்தைச் சின்னவள் கட்டாயம் எழுத வேண்டும். ஜனவரி 30 இல், நம் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறைப்பட்டபடியே கண்ணை மூடினார். இரண்டே நாள் கழித்து, பெப்ரவரி 1 இல், கொழும்பிலிருந்து கண்டிக்குத் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. யார் யாரெல்லாம் வரக்கூடாதென்று அந்த மலைக்கு ரோட்டே இல்லாமல் வைத்திருந்தார்களோ, அவர்கள் கடிதம் வாங்கிக்கொண்டு சாவகாசமாக ஏறி வந்தார்கள். இராஜகாரியத்தை ஒழித்ததும் அந்த வருடம்தான். ரோட்டு முடிந்த பிறகு!

அதே வருடம் கடுகண்ணாவை உச்சியில் டோசனுக்குக் கோபுரம் எழுப்பினார்கள். மனிதர் 1829 இலேயே இறந்துவிட்டார். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லை உடைத்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட அங்கே இல்லை.

அப்புறம் 1867 இல் ரயில் கண்டிக்கு வந்தது. கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் குறைந்துபோயின.

உனக்கு நினைவிருக்கிறதா? இப்போது வாகனங்கள் அந்தத் துளைத்த கல்லுக்குப் பக்கத்தால்தான் போகின்றன. உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு விடுமுறை நாளில் உன்னை அங்கே இறக்கி, துளைக்குள் நடக்க வைத்தேன். சுவரில் கையை வைத்து, "அப்பா, கல்லு சில்லென்று இருக்கு" என்றாய். எத்தனை பேர் சேர்ந்து இதை உடைத்தார்கள் என்று அப்போது கேட்டாய். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மழை விட்டதும் ஞாயிற்றுக்கிழமை போய், கல்லின் உட்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். கோபுரத்தையும் எடுக்கிறேன். சின்னவள் கல்லின் படத்தை முதல் பக்கத்தில் ஒட்டட்டும்.

அன்புடன்,
அப்பா