கை தெரிய ஒரு படம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படம் வந்தது. மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள், சந்தோஷம். உன் கை மட்டும் பக்கத்துப் பையனின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

அருவங்காட்டிலிருந்து ஒரு பாட்டி, தன் அப்பாவின் பட்டாளத்துப் படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். அவர் சுபேதார், பர்மா போனவர் என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்தார்களாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுபேதார் என்றால் தோளில் இரண்டு நட்சத்திரம் வேண்டும். தோள் வெறுமையாக இருந்தது. கையில் இரண்டு பட்டை, அதாவது நாயக், சுபேதாருக்குக் கீழே உள்ள பதவி. அதற்கு மேலே கழுகுச் சின்னம். அது 4-வது இந்திய டிவிஷன். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியில் கசினோவிலும் சண்டை போட்ட படை, பர்மா பக்கமே போகவில்லை. மார்பில் ஆப்பிரிக்கா ஸ்டார் ரிப்பன். அந்தப் பதக்கம் 1943-ல்தான் ஏற்பட்டது, ஆகவே படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மணல் நிற ரிப்பனின் நடுவே அகலமான சிவப்புக் கோடு. படத்தில் அது கறுப்பு. அந்தக் காலத்துப் பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு இருட்டாகும், நீலம் வெளுத்துவிடும். பழைய படத்துக்கு வண்ணம் பூசுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சுபேதார் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு சொன்னேன். நாயக் என்றால் என்ன குறைச்சல்? இரண்டு பட்டை சும்மா வந்துவிடுமா? வாங்கத்தான் வருஷக்கணக்காகும், போவதற்கு ஒரு வாய்ப்பேச்சு போதும். மேலதிகாரி சொன்னால் கேட்டுக்கொள். கணக்கு வாத்தியாரிடம் மல்லுக்கு நின்றது போல அங்கே நிற்காதே.

உன் நாயக் படத்தைக் கடையில் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். பேரக்ஸிலிருந்து வருகிற ரெக்ரூட் பையன்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறார்கள். எனக்குப் பெருமைதான். பெருமைப்படுகிறவனுக்கு ஒரு போன் செய்ய உனக்கு நேரமில்லை. தீபாவளிக்குப் பேசியதோடு சரி. மாமா கேட்டதற்கு, சிக்னல் கிடைக்காத இடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முந்தைய படங்களில் எல்லாம் கையை முன்னால் கொண்டுவந்து நிற்பாய். குளிருக்கு மேலே ஏதாவது போட்டிருந்தால் கழற்றிவிட்டு, கை தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு. வேறு ஒன்றுமில்லை, அம்மா பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்கிறாள். மறுபடியும் சொல்கிறேன், யாரிடமும் வாய் கொடுக்காதே.

அக்காவுக்குத் தை மாதம் வளைகாப்பு. லீவு கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றாவது சொல்.

அப்பா