யோகி பி, நட்சத்ரா குழுவினருக்குத் திருப்பூரிலிருந்து ஒரு மடல்

யோகி பி அண்ணன், டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவருக்கும் வணக்கமுங்க.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் தொகுப்புக்காக நான் உங்களுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் 30 ரூபாய் கொடுத்தால் மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். அப்படி வந்ததுதான் உங்கள் 'மடை திறந்து'. இரண்டு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் கிடந்தது.

பழைய பாட்டு எனக்குத் தெரியும். 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. வாய்ப்புக்கு அலைகிற இசைக்காரன் ஒருவன் படத்தில் பாடுவது. சொந்த ஊரில் எங்கள் வீடு கீழ்பவானி வாய்க்காலை ஒட்டியது. மடை திறப்பது என்பது எங்களுக்கு உவமை இல்லை, காலையில் மண்வெட்டியோடு போய்ச் செய்கிற வேலை. அந்தப் பாட்டின் மேல் யாரோ தடதடவென்று தமிழில் பேசிக்கொண்டே போனதும், பக்கத்தில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம், "இது எந்தப் படமுங்க?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பேட்லாக் டெய்லரைக் கேட்டேன், செக்கிங்கில் இருந்த அக்காக்களைக் கேட்டேன். ஆளுக்கொரு படம் சொன்னார்கள். படமே இல்லை, 2006-ல் மலேசியாவில் நம் ஆட்கள் தனியாகப் போட்ட தொகுப்பு என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. தமிழ்ப் பாட்டுக்குப் படம் தேவையில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சாமி பாட்டை விட்டுவிடுங்கள், அது வேறு கணக்கு.

அப்புறம் மற்றப் பாட்டுகளையும் தேடிப் பிடித்தேன். கேட்டதும் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் பொய். ஆங்கிலம் கூடுதலாக வருகிற இடங்களில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். உங்கள் தமிழும் புதிதாக இருந்தது. மெட்ராஸ் பேச்சும் இல்லை, மதுரைப் பேச்சும் இல்லை. ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில் தஞ்சாவூர், திருச்சி, வட ஆற்காட்டோடு எங்கள் சேலம் ஜில்லாவிலிருந்தும் கப்பல் ஏறியிருக்கிறார்கள். அந்தப் பேத்தி பேரன்கள் அங்கே பேசுகிற தமிழ், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் பீட்டின் மேல் நிற்கிறதே என்றுதான் முதலில் ஆச்சரியப்பட்டேன். கோயம்புத்தூர்த் தமிழ் என்றால் சினிமாவில் ஒன்று பண்ணையார் பேசுவார், இல்லையென்றால் காமெடிக்கு வரும். எங்கள் பேச்சில் கோபத்தையும் கவலையையும் பாட்டாகச் சொல்லலாம் என்று அதுவரை யோசித்ததில்லை.

யோசித்ததோடு நிற்கவில்லை. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ராத்திரி வேலை நடந்த நாட்களில் நாங்கள் மூன்று பேர் ராப் எழுதினோம். பீட்டுக்குக் குறைவில்லை, நாற்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை ஷிப்டு, சனிக்கிழமைச் சம்பளம், ஊரிலிருந்து சொல்லாமல் வந்து நிற்கிற ஒரம்பரை (உறவுக்காரர்கள்) என்று எல்லாவற்றையும் எழுதினோம். படித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் 'ங்க' என்றே முடிந்திருந்தது. வாங்க, போங்க, இல்லீங்க, ஆமாங்க. கொங்குக்காரனுக்கு இயைபு இனாமாகக் கிடைத்துவிடுகிறது! இனாமாகக் கிடைப்பதில் ருசி இருக்காது என்பது நாலு வரி பாடியதுமே தெரிந்துவிட்டது. பிறகு உங்கள் பாட்டுகளைத் திரும்பக் கேட்டபோதுதான், வரி முடிவில் மட்டும் ஒலி ஒத்துப்போனால் போதாது, நடுவிலும் சொல் மோத வேண்டும் என்று பிடிபட்டது. எதுகை, மோனை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது மெஷின் சத்தத்துக்கு நடுவில் வந்து புரிந்தது.

ஒரு குறையும் வைத்திருந்தேன். எப்போது பார்த்தாலும் 'நான் வல்லவன்' என்று மார்தட்டுகிறார்களே என்று. எங்கள் பக்கம் அது பழக்கமில்லை. பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவரைக் கேட்டாலும் "ஏதோ இருக்குதுங்க" என்றுதான் சொல்வார். அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது நன்னூல். எழுதிய பவணந்தி முனிவரைச் சீனாபுரத்துக்காரர் என்று பெருந்துறைப் பக்கம் உரிமை கொண்டாடுவார்கள். தன்னைத் தானே புகழ்வது நான்கு இடங்களில் குற்றமில்லை என்கிறார் அவர்: அரசன் சபைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. கடைசி மூன்றும் ராப் சண்டைக்கென்றே எழுதிய மாதிரி இல்லையா? 1990களில் பொயடிக் அம்மோ என்ற ராப் குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த ஒருவர், இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு தமிழில் ராப் என்று வந்து நின்றபோது எதிரில் இருந்த நாங்கள் எல்லோரும் திறமை தெரியாதவர்கள்தானே. சரி, தட்டுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் அண்ணன்மார் கதை உங்களுக்குக் கேட்கக் கிடைத்ததா தெரியவில்லை. பொன்னர் சங்கர் கதையை உடுக்கை அடித்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். பாதி பாட்டு, பாதி பேச்சு. ஒருவர் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் ஒருவர் பின்பாட்டும் 'ஆமா'வும் போடுவார். 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து அதை முழுதாக டேப்பில் பதிவு செய்துகொண்டார். சின்ன வயதில் அந்தப் பாட்டு நடக்கும்போது நான் பாயை விரித்துத் தூங்கியவன். உங்கள் தொகுப்பைக் கேட்ட பிறகு போன மாசித் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டேன். உடுக்கை நிற்கிற இடத்தில் சொல் மட்டும் தனியாக ஓடி, மறுபடி உடுக்கையின் மேல் வந்து விழுகிறது பாருங்கள், அந்த இடத்தில் உங்கள் நினைப்புத்தான் வந்தது.

பிறகு உங்களைச் சினிமாவும் கூப்பிட்டுக்கொண்டது. 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்' எல்லாம் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றில் உங்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டின் இடம். 'வல்லவ'னில் வீடு முழுக்க உங்களுடையது. 2012-ல் எங்கள் கோயம்புத்தூர் ஆதி, ஹிப்ஹாப் தமிழாவாகத் தன் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, "எந்தப் படம்?" என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு நான் கட்டிங் மாஸ்டர். அந்த 30 ரூபாய்க் கணக்கு இன்னும் நிற்கிறது. திருப்பூர்ப் பக்கம் வந்தால் ஆளுக்கு ஒரு டஜன் பனியன் தருகிறேன். சைஸ் மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு ரசிகன்